உங்கள் முதல் தொடர்பைச் சேருங்கள்

டிக் போட்டது நான்தான். ‘பழைய விவரங்களையும் சேர்த்து நீக்கவா’ன்னு இங்கிலீஷ்ல கேட்டுச்சு, பக்கத்துல சின்னக் கட்டம், நான் முழுசாப் படிக்கலை. இங்கிலீஷ் தெரியாம இல்லை, தெரியும், பொறுமை இல்லை, எனக்கு எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்க வராது, அதனாலதான் பன்னெண்டாவது பாதியில நின்னேன், இப்ப இதுவும். ஆபீஸ் சாஃப்ட்வேர் நாலு நாளா நடுவுல நடுவுல உறைஞ்சு போய் நின்னுச்சு, அக்கா பேசிக்கிட்டு இருக்கும்போதே திரை வெள்ளையாயிடும், அவங்க ரிசீவரைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பாப்பாங்க. நான்தான் சொன்னேன், அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாச் சரியாயிடும்க்கா, அரை மணி நேர வேலைன்னு. சரியாயிடுச்சு. இப்ப உறையலை, சர்ருனு திறக்குது, உள்ளே ஒரு மனுசன் இல்லை. வெள்ளைத் திரை நடுவுல நீல எழுத்துல ‘வணக்கம், உங்கள் முதல் தொடர்பைச் சேருங்கள்’ன்னு போட்டு, பக்கத்துல ஒரு பொம்மை கையை ஆட்டுது. அந்தப் பொம்மையை அடிக்கணும் போல இருக்கு. அக்கா காலையில துவரை ரேட்டு வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு உட்கார்ந்தாங்க, பொம்மையைப் பாத்தாங்க, "தேனிக்காரரை எடுடா காளி"ன்னாங்க. நான் எடுக்கலை. "தூத்துக்குடியாவது எடு." அதுவும் எடுக்கலை. அப்புறம் சொன்னேன். கத்துவாங்கன்னு நினைச்சேன், கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிட்டு வெளியே போயிருப்பேன். அவங்க கத்தலை. நாள்காட்டித் தாள் ஒண்ணைக் கிழிச்சு, பின்னாடி ஒரு நம்பரை எழுதினாங்க. எல்லா நம்பரும் போன பிறகு அவங்களுக்கு மனப்பாடமா இருந்தது அது ஒண்ணுதான், வீட்டுக்காரரோட அண்ணன் குணசீலன் அண்ணாச்சி நம்பர். "பெரியத்தானுக்குப் போன் போட்டு வரச் சொல்லு. இனிமே நீங்களே பாத்துக்கிடுங்கன்னு நான் சொன்னேன்னு சொல்லு. என் வாயால சொல்ல முடியாது." தாளை மவுஸுக்கு அடியில வச்சிட்டு மாடிக்குப் போயிட்டாங்க. மவுஸை நகர்த்துற ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளும் நகருது.

வெளியில இருக்கிறவங்களுக்கு இது புரியாது. இந்த ஆபீஸ்ல மூட்டை கிடையாது, குடோன் கிடையாது, தராசு கிடையாது. விருதுநகர் பஜார்ல பருப்பு புரோக்கர்னா ஒரு மேசை, ஒரு போன், அவ்வளவுதான். யார்கிட்ட உளுந்து கிடக்கு, யாருக்கு உளுந்து வேணும், இந்த ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கணும், அதுக்குக் கமிஷன். ஆள் போனா கடை போச்சு. அண்ணாச்சி, தவமணி அண்ணாச்சி, அக்காவோட வீட்டுக்காரர், ஒவ்வொரு ஆளையும் உள்ளே ஏத்தி வச்சிருந்தார், நம்பர் மட்டும் இல்லை, கீழே குறிப்பு. மரியதாஸ், காலையில வேண்டாம், கோயில் முடிஞ்சு வரட்டும். ராவுத்தர், விலையை முதல்ல சொல்லாதே, பேரன் எப்படின்னு கேள். குரியச்சன், கத்துவார், கத்தி முடிக்கட்டும். ஆடியில அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கிட்டு பேச்சும் போன பிறகு, அக்கா இந்த நாற்காலியில உட்கார்ந்தாங்க. அதுவரைக்கும் இந்த ஆபீஸுக்குள்ள காபி டம்ளர் எடுக்கத்தான் வருவாங்க. முதல் போன் தேனி ராவுத்தருக்கு. திரையைப் பாத்து அப்படியே வாசிச்சாங்க, "வணக்கம் பாய், விலையை முதல்ல சொல்லாதே, பேரன் எப்படின்னு கேள்." நான் மேசைக்கு அடியில போயிட்டேன் சிரிப்பு தாங்காம. அந்தப் பக்கம் ராவுத்தர் சிரிச்ச சிரிப்பு ரிசீவருக்கு வெளியே கேட்டுச்சு, "பேரன் நல்லா இருக்கான் தாயி, இப்ப விலையைச் சொல்லு." அன்னைக்கு நாப்பது மூட்டை பாசிப்பயறு முடிஞ்சது. அக்கா போனை வச்சிட்டு என் தலையில கொட்டினாங்க, அப்புறம் அவங்களும் சிரிச்சாங்க, அப்புறம் முந்தானையால முகத்தை மூடிக்கிட்டாங்க. அதெல்லாம் எங்க போச்சு? நான் டிக் போட்ட அந்தக் கட்டத்துக்குள்ள போச்சு. போன்ல இருக்காதான்னு எல்லாரும் கேப்பாங்க, அண்ணாச்சி வச்சிருந்தது பட்டன் போன், அதுல சம்சாரம் நம்பரும் டீக்கடை நம்பரும்தான் இருக்கு. அவங்களே கூப்பிடுவாங்களேன்னு கேப்பாங்க. கூப்பிட மாட்டாங்க. பஜார்ல புரோக்கர்தான் கூப்பிடணும், ரேட்டு வந்ததும் கூப்பிடலைன்னா அந்த ஆளு இன்னொரு புரோக்கருக்கு ஆளாயிடுவார், பிறகு ராவுத்தர் பேரனை வேற யாராவது விசாரிப்பாங்க. மாடியில ஆரம்பிச்சாச்சு. பேச்சுப் பயிற்சி கொடுக்க வர்ற ஜெபாக்கா குரல், "அங்கிள், எண்ணலாமா? ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணு." அண்ணாச்சிக்குப் பேரு வராது, தண்ணி வேணும்னு வராது, அக்காவைக் கூப்பிட வராது, ஆனா எண்ணச் சொன்னா வரும், அது மூளையில வேற இடத்துல இருக்காம். "லா... பம். ரெ... ண்டு. மூ... ணு." ஜெபாக்கா, "லாபம் இல்ல அங்கிள், ஒண்ணு." தினமும் இதே சண்டை. தினமும் கேக்குறதால மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆயிடுச்சு எனக்கு. அண்ணாச்சி விட்டுக் கொடுக்க மாட்டார். படியால அளக்கிற எவனும் முதல் படியை ஒண்ணுன்னு சொல்ல மாட்டான், லாபம்னுதான் ஆரம்பிப்பான், எங்கப்பா மில்லுல மூட்டை எண்ணினாலும் அப்படித்தான், ஜெபாக்காவுக்கு அதெல்லாம் ஒத்துவராது, அவங்க அட்டையில ஒண்ணுன்னு போட்டு ஒரு மாம்பழம் வரைஞ்சிருக்கு.

பென் டிரைவ் ஒண்ணு இருந்தது ஞாபகம் வந்தது அக்கா மாடிக்குப் போன பிறகுதான், எனக்கு எல்லாமே அப்புறந்தான் ஞாபகம் வரும். சனிக்கிழமை பஜார் முடிஞ்சதும் அண்ணாச்சி அதைச் சொருகி எல்லாத்தையும் காப்பி எடுப்பார், நான் எட்டிப் பாத்தா, "அந்தப் பக்கம் போடா"ம்பார். முடிஞ்சதும் லட்சுமி படத்துக்குப் பின்னாடி வச்சிருவார். ஏன் அங்கேன்னா, திருடன்கூட சாமி படத்தைத் தொட மாட்டானாம். நான் தொட்டேன், ஸ்டூல் போட்டு ஏறி. இருந்துச்சு. எடுத்துப் பாத்தா வாயில மஞ்சளா என்னமோ காய்ஞ்சு கிடக்கு. சந்தனம். ஆயுத பூஜைக்கு அக்கா ஒண்ணையும் விடலை, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, மவுஸுக்குப் பொட்டு, ரிசீவருக்குப் பொட்டு, பிரிண்டருக்குள்ள தாள் போற இடத்துல பொட்டு, அது இன்னைக்கு வரைக்கும் எல்லா பில்லுலயும் ஒரு மஞ்சள் கோடு போடுது. பென் டிரைவுக்கு எது முகம்னு தெரியலை போல, மூடியைக் கழட்டி வாயிலயே வச்சிருக்காங்க, நல்லா அழுத்தி, மேல குங்குமம் வேற. கும்பிட்டுட்டுத்தான் வச்சிருப்பாங்க. அதை நினைச்சா கோபமா வருதா பாவமா வருதா தெரியலை. சேஃப்டி பின்னால சுரண்டினேன், பல்லு தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்து வந்து தட்டினேன், ஊதினேன், ஊதும்போது சந்தன வாசம், அது கோயில் வாசம் இல்லை, அண்ணாச்சி ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு வீட்டுல அடிச்ச வாசம், நாற்காலியோட நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க, நான் ஒரு காலைப் பிடிச்சேன், நாற்காலிக் காலை, அவர் என்னைப் பாத்து வாயைத் திறந்தார், எப்பவும் சொல்ற "என்னடா துரை"தான் சொல்ல வந்தார்னு நினைக்கிறேன், வெறும் காத்துதான் வந்தது, நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். முதல் தடவை சொருகினப்ப ஒண்ணும் வரலை. ரெண்டாவது தடவையும் வரலை. மூணாவது தடவை டிங்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு என் வயிறு குளுந்துச்சு. அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரந்தான். உள்ளே ஃபைல் எல்லாம் வரிசையா நிக்குது, பேரு 2, 3, 4, 5 இப்படி. ஒண்ணு இல்லை. ரெண்டைத் திறக்கச் சொன்னேன். திறக்க மாட்டேங்குது, இதுல அந்த வாரம் மாறினது மட்டுந்தான் இருக்கு, முழுசா இருக்கிற முதல் ஃபைலைக் கொடுத்தாத்தான் மீதியை இது மேல ஏத்த முடியும்னு சொல்லுது. மூணும் அதையே சொல்லுது. வீட்டோட மாடி இருக்கு, சன்னல் இருக்கு, கீழ்த்தளம் மட்டும் காணோம். நம்பருக்குக் கீழே எழுத்துல பேரு வச்ச ஃபைலுங்க கொஞ்சம், வாடகை, கரண்ட் பில், லாபம், வரி, எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல தமிழ். அதெல்லாம் கணக்கு. கணக்குப் பக்கம் போகாதேன்னு சேர்ந்த அன்னைக்கே சொல்லியாச்சு. போகவும் எனக்கு ஆசை இல்லை. ஒண்ணை யாரு அழிச்சா? நான் இல்லை. இந்தத் தடவை நிஜமா நான் இல்லை.

அப்ப போன் போட வேண்டியதுதான். தாள் இங்கேதான் இருக்கு. குணசீலன் அண்ணாச்சி கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிடணும், அவரைக் கெட்டவரா ஆக்கிட்டா எனக்கு வசதி, ஆனா இல்லை. தம்பி விழுந்ததுல இருந்து ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வருவார், பழம் வாங்கிட்டு வருவார், மாடியில தம்பி காலைப் பிடிச்சு விடுவார். கீழே இறங்கும்போதுதான் வாய் சும்மா இருக்காது. "என்னலே இன்ஜினியரு, எப்ப கோட்டு போடப் போற?" நான் "அளவு கொடுத்திருக்கேன் அண்ணாச்சி"ம்பேன். அப்புறம் அக்காவைப் பாத்து, "போதும்மா, நீ கஷ்டப்பட்டது. நம்ம கொத்தமல்லி மண்டியோட இதையும் சேர்த்துக்கிடுவோம். நீ அவனைப் பாரு." அக்கா தரையைப் பாத்துக்கிட்டே, "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தான்"பாங்க. அவர் நல்லதுக்குத்தான் சொல்றார். ஆனா அவர் வந்துட்டா அக்கா மறுபடியும் டம்ளர் எடுக்கத்தான் கீழே வருவாங்க. இப்ப அவங்க குரியச்சன்கிட்டப் பேசுறதைக் கேக்கணும். முதல்ல அந்த ஆள் கத்தினா ரிசீவரை என்கிட்டக் கொடுத்துட்டு ஓடுவாங்க. போன மாசம் அவர் கத்தி முடிக்கிற வரைக்கும் பூ கட்டினாங்க, அப்புறம் ரிசீவரை எடுத்து, "முடிஞ்சிருச்சா அண்ணாச்சி? சரி, கடலை லோடு எப்ப?" நானே கை தட்டிட்டேன். இதை நான் அழிச்சிருக்கேன். ஃபைலைன்னு சொல்றேன், ஃபைல் இல்லை. எங்கப்பா கேப்பார், என்னாச்சு, துரத்திட்டாங்களான்னு. ஆமாம்பேன். அவர் மறுநாள் விடியக்காலை எழுப்புவார், மில்லுக்கு வான்னு. மூட்டை தூக்க எனக்குப் பயம் இல்லை. அவர் எண்ணுறதைக் கேக்கத்தான் பயம். கொக்கியை மூட்டையில குத்தி, தோள்ல ஏத்தி, நாள் பூரா ஒரே குரல், குரல்ல ஒரு ஏத்த இறக்கம் கிடையாது, சின்னப்பிள்ளையில சாப்பாடு கொண்டு போய் வாசல்ல நிப்பேன், அந்தத் தூசிக்குள்ள எது எங்கப்பான்னு தெரியாது, எண்ணுற குரலை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். ரிசீவரை எடுத்தேன். டயல் டோன் நீளமா ஓடுது. முதல் நம்பர் அமுக்கினேன், ரெண்டாவது அமுக்கினேன். மாடியில, "அங்கிள், இன்னைக்கு ஒரே ஒரு தடவை எனக்காக. ஒண்ணு." அக்கா குரல், தணிவா, "விட்டிரும்மா, அவருக்கு அப்படித்தான் வரும், பஜார்காரர்." பிறகு அவர் குரல், பிடிவாதமா, எச்சில் தெறிக்க, "லா... பம்!" எனக்கு மூணாவது நம்பர் மேல விரல் நிக்குது. ரெண்டு, மூணு, நாலுன்னு ஃபைல் நிக்குது. ஒண்ணு இல்லை. ஒண்ணு எப்பவுமே இருந்திருக்காது. அந்த மனுசன் வாழ்க்கையில ஒண்ணுன்னு எதையாவது எண்ணியிருப்பாரா? வாயில எச்சி வடிஞ்சாலும் எண்ண மாட்டேங்குறார். எங்கப்பனும் எண்ண மாட்டான். நானே எண்ண மாட்டேன், ஆனா தேடினேன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒண்ணைத் தேடினேன். ரிசீவரை எங்க வச்சேன்னு தெரியலை.

லாபம்னு பேரு வச்ச அந்த ஃபைல் கனமா இருந்தது, மத்ததெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. கணக்கு இவ்வளவு கனம் இருக்காது, அதை நான் முதல்லயே பாத்திருக்கணும், பாக்கலை. தொடாதேன்னாங்க, தொட்டேன். பச்சைக் கோடு ஒண்ணு ஊர ஆரம்பிச்சது. கொஞ்சம் ஊரும், நிக்கும். நிக்கும்போது மூச்சை நானும் நிறுத்திட்டேன், விட்டா சந்தனத் தூசி உள்ளே ஏதாவது பண்ணிடும்னு. கீழே கிடந்த ரிசீவர் கீ கீன்னு கத்துது, எடுத்து வைக்கப் போகலை, மவுஸை விட்டாக் கோடு நின்னுடும்னு ஒரு பைத்தியக்கார எண்ணம். பாதி. பாதிக்கு மேல. மனுசங்க ஏறிக்கிட்டு இருக்காங்களா, இல்லை வெறும் கோடுதானா? கோடு முடிஞ்சது. அடுத்து 2 கேட்டுச்சு, கொடுத்தேன், 3 கேட்டுச்சு, கொடுத்தேன், எண்ணி எண்ணிக் கொடுத்தேன், கடைசி ஃபைல் அவர் விழுறதுக்கு முந்தின சனிக்கிழமை. அதுக்கப்புறம் அக்கா சேர்த்தது போச்சு, அது போனது போனதுதான், அதை அக்காகிட்டச் சொல்லுவேன். பொம்மை கையை ஆட்டுறதை நிறுத்திட்டு காணாமப் போச்சு. அந்த இடத்துல பேரு. மேல இருந்து கீழ வரைக்கும் பேரு. நான் உருட்டுறேன், தீரலை. ராவுத்தர், பேரன் எப்படின்னு கேள். மரியதாஸ், கோயில் முடிஞ்சு வரட்டும். ஒவ்வொருத்தரா வந்து உட்கார்ற மாதிரி இருக்கு. ஜி வரிசையில கை தானா நின்னுச்சு. குணசீலன், அண்ணன். கீழே குறிப்பு, மத்ததை விடச் சின்னது. ‘எது கேட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும். பயத்துலதான் கேக்குறார்.’ அண்ணாச்சி இதை யாருக்காக எழுதி வச்சார்? தனக்கேதான் எழுதி வச்சிருப்பார். அண்ணன்கூடப் பேசுறதுக்கு ஒரு மனுசனுக்குக் குறிப்பு வேணுமா? வேணும் போல. எங்கப்பாகூடப் பேச எனக்கும் ஒண்ணு வேணும். மாடிப்படியில செருப்புச் சத்தம். ஜெபாக்கா முதல்ல இறங்கினாங்க, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, "உங்க அண்ணாச்சி இன்னைக்கும் என்னை ஜெயிச்சிட்டார் தம்பி"ன்னுட்டுப் போனாங்க. நல்ல வேளை ஜெயிச்சாருன்னு சொல்ல வந்தேன், அவங்க தெருவுக்குப் போயாச்சு. பின்னாடி அக்கா. முகம் கழுவியிருக்காங்க, அழுதது தெரியக் கூடாதுன்னு பவுடர் போட்டிருக்காங்க, காதோரம் திட்டா நிக்குது. கடைசிப் படியில நின்னுட்டாங்க, உள்ளே வரலை, இது வேற ஆள் ஆபீஸ் மாதிரி வாசல்ல கையை ஊன்றிக்கிட்டு, "பெரியத்தான் என்ன சொன்னாக? இப்பவே வாராகளா?" நான் எந்திரிச்சு நாற்காலியை அவங்க பக்கம் தள்ளினேன். திரையைத் திருப்பினேன். கீழே கிடந்த ரிசீவரை எடுத்துத் துடைச்சேன், அதுல இன்னும் ஆயுத பூஜைப் பொட்டு இருக்கு. தேனி நம்பரைப் போட்டு அவங்க கையில கொடுத்தேன். அந்தப் பக்கம் மணி அடிக்குது. அக்கா என்னைப் பாக்குறாங்க, திரையைப் பாக்குறாங்க, உதடு அசையுது, பேரன் எப்படி, பேரன் எப்படின்னு ஒத்திகை. மவுஸுக்கு அடியில நாள்காட்டித் தாள் அப்படியே கிடக்கு. குணசீலன் அண்ணாச்சிக்குப் போன் போட்டு வரச் சொல்லுன்னாங்க. போடலை.